ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு முதலில் எந்த டிஸ்டோபியா நாவல்?

கோடை விடுமுறை நெருங்கிவிட்டால் எங்கள் வாசகர் வட்டத்துக்கு வரும் பெற்றோர்களில் யாராவது ஒருவர் இதைக் கேட்டுவிடுவார்: "சார், பொண்ணு ஒன்பதாவது முடிக்கிறா. ஊரே அழிஞ்சு நாலு பிள்ளைங்க மட்டும் தப்பிச்சுப் பிழைக்கிற மாதிரிக் கதை வேணும்கிறா. எதை வாங்கிக் குடுக்கட்டும்?" உலகம் கெட்டுப்போன ஒரு காலத்தைக் கற்பனை செய்யும் இப்படிப்பட்ட கதைகளைத்தான் டிஸ்டோபியா என்கிறார்கள்.

நாங்கள் இருப்பது திருத்துறைப்பூண்டிப் பக்கம், கடைமடை. மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணை தாண்டி, பிரிந்து பிரிந்து எங்கள் வாய்க்காலுக்கு வந்து சேர்வதற்குள் மேலே பாதிப் பேர் நாற்று விட்டிருப்பார்கள். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் கரையேறியபோது இன்றைய ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஆறேழு வயதில் இருந்தவர்கள். கூரை பறந்ததும், தென்னந்தோப்பு மொத்தமும் படுத்துக் கிடந்ததும் அவர்களுக்குக் கதை இல்லை. ஆகவே இந்த வகை நாவலை இங்கே சிபாரிசு செய்யும்போது எது அதிகம் பயமுறுத்துகிறது என்று பார்ப்பதில் பொருளில்லை. பயம் அவர்களுக்குத் தெரிந்ததுதான். ஆபத்து வந்தால் மனிதர்கள் எப்படி நடந்துகொள்வார்கள் என்று அந்த நாவல் சொல்கிறது, அந்த ஆபத்து யாரால் வந்தது என்று கேட்க விடுகிறதா, இந்த இரண்டையும் வைத்துத்தான் நான் தேர்ந்தெடுக்கிறேன்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைக்கு முதல் புத்தகம் சூசன் காலின்ஸ் எழுதிய 'தி ஹங்கர் கேம்ஸ்' (2008). டெல்டாவுக்காகவே எழுதியதுபோல் தெரியும் 'ட்ரை' (2018) அதற்கு அடுத்தது, அதுவும் பிளஸ் ஒன் வந்த பிறகு. இந்த வரிசையை எங்கள் வட்டத்திலேயே பலர் ஒத்துக்கொள்வதில்லை. 'ட்ரை'யைத்தான் முதலில் கொடுக்க வேண்டும் என்கிறார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

'ட்ரை' நீல் ஷஸ்டர்மனும் அவர் மகன் ஜாரட் ஷஸ்டர்மனும் சேர்ந்து எழுதியது. தெற்குக் கலிஃபோர்னியாவுக்குக் கொலராடோ ஆற்றின் தண்ணீர் வர வேண்டும். ஏற்கெனவே வருடக்கணக்கில் வறட்சி. புல்வெளிக்குத் தண்ணீர் விடக்கூடாது, நீச்சல்குளம் நிரப்பக்கூடாது என்று கட்டுப்பாடு மேல் கட்டுப்பாடு. இந்த நிலையில் அரிசோனாவும் நெவாடாவும் ஒப்பந்தத்திலிருந்து விலகி, எங்களுக்கே வேண்டும் என்று அணை மதகுகளை மூடிவிடுகின்றன. சமையலறைக் குழாய் இருமிவிட்டு நின்றுபோகிறது. பதினாறு வயது அலிசாவும் பத்து வயதுத் தம்பி காரெட்டும் மாமாவுடன் பெரிய கடைக்கு ஓடுகிறார்கள். தண்ணீர் பாட்டில் இருந்த அடுக்கு முழுக்கக் காலி. எல்லோரும் காலி அடுக்கைப் பார்த்துக்கொண்டு நிற்க, தம்பிக்குத்தான் ஐஸ்கட்டி ஞாபகம் வருகிறது. ஐஸும் தண்ணீர்தானே! வண்டி நிறைய ஐஸ் மூட்டையை ஏற்றித் தள்ளிக்கொண்டு வருகிறார்கள். அந்த ஒரு காட்சியிலேயே எந்தப் பிள்ளையும் கதைக்குள் விழுந்துவிடும்.

காவிரிக் கரையில் வளரும் பிள்ளைக்கு இந்தத் தொடக்கத்தை விளக்கவே வேண்டாம். மாநிலம், அணை, மதகு, ஒப்பந்தம் எல்லாம் வீட்டுப் பேச்சு. கொலராடோ ஆற்றைப் பங்கிட ஏழு மாநிலங்கள் உடன்பாட்டுக்கு வந்தது 1922-இல். மைசூர் அரசும் சென்னை மாகாணமும் காவிரி ஒப்பந்தம் போட்டது 1924-இல். அப்புறம் 1990-இல் நடுவர் மன்றம், 2007-இல் அதன் இறுதித் தீர்ப்பு, 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, அதில் தமிழ்நாட்டின் பங்கு 192 டிஎம்சியிலிருந்து 177.25 டிஎம்சியாகக் குறைந்தது. ஜூன் 12 மேட்டூர் திறக்கும் நாள் என்பது வழக்கம், ஆனால் 2012 முதல் 2019 வரை எட்டு வருடம் அந்தத் தேதியில் திறக்க முடியவில்லை. குறுவை போனது, சம்பாவும் தள்ளாடியது. இதையெல்லாம் பாடப்புத்தகத்தில் பார்ப்பதற்கு முன்பே டீக்கடையில் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் இவர்கள். 'ட்ரை'யின் முதல் ஐம்பது பக்கத்தை இவர்கள் அளவுக்குப் புரிந்துகொள்ளக்கூடிய வாசகர்கள் அமெரிக்காவிலேயே குறைவாகத்தான் இருப்பார்கள்.

சிக்கல் அதற்குப் பிறகு வருகிறது. மதகை மூடியது யார், ஏன், அதை எப்படித் திறக்க வைப்பது என்ற கேள்வியை நாவல் அங்கேயே விட்டுவிடுகிறது. தண்ணீர் நின்றது என்பது கதையைக் கிளப்ப ஒரு காரணம், அவ்வளவுதான். வயல் என்று ஒன்று கதையின் கண்ணிலேயே படுவதில்லை. நாலைந்து நாளில் அடுத்த வீட்டுக்காரர் ஆயுதத்தோடு வருகிறார். பக்கத்து வீட்டுக் கெல்டனின் குடும்பம் முன்கூட்டியே எல்லாம் சேர்த்துவைத்து, வீட்டைக் கோட்டையாக்கி, துப்பாக்கியோடு உட்கார்ந்திருக்கிறது. தாகம் முற்றினால் மனிதன் மிருகம்தான் என்று கதை திரும்பத் திரும்பக் காட்டுகிறது. நின்றுபோன கார்கள் நிறைந்த நெடுஞ்சாலையில் ஒரு மூதாட்டி ஆட்களைச் சேர்த்து, இருப்பதைப் பங்கிட்டு, ஒரு சின்ன ஊரையே நடத்துகிற பகுதி ஒன்று உண்டு. நாவலிலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம் அது. கொஞ்ச நேரத்தில் கடந்துபோய்விடுகிறார்கள்.

கஜாவுக்குப் பிறகு இங்கே நடந்ததை நினைத்துப் பாருங்கள். கம்பங்கள் சாய்ந்து வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. மோட்டார் ஓடாது, மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் ஏறாது. தெருவுக்குத் தெரு காசு போட்டு ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்து, டீசல் ஊற்றி, தொட்டியை நிரப்பிக் குடம் குடமாகப் பிடித்தார்கள். பள்ளிக்கூடத்தில், கல்யாண மண்டபத்தில் பொதுவாக உலை வைத்தார்கள். விழுந்த மரத்தை யார் வீட்டு மரம் என்று கேட்காமல் அறுத்து வழி எடுத்தார்கள். இதைச் சொல்லும்போது மறுபக்கத்தையும் மறைக்கக்கூடாது. நிவாரணம் பங்கிடுவதில் சாதி பார்த்ததும் இந்தக் கரையில் நடந்திருக்கிறது, 2004 சுனாமிக்குப் பிறகு அது பதிவாகியும் இருக்கிறது. அடிபம்பும் குளமும் இருக்கிற ஊரையும், பாலைவன ஓரத்தில் குழாயை மட்டுமே நம்பியிருக்கும் பெருநகரத்தையும் ஒரே தட்டில் வைக்க முடியாது என்பதும் சரிதான், தண்ணீரே இல்லாமல் மனித உடம்பு மூன்று நாளுக்கு மேல் தாங்குவது கஷ்டம். இருந்தாலும், கூடி நின்று பிழைத்ததைக் கண்ணால் பார்த்த பிள்ளைக்கு, கூடி நிற்பது என்பதே நடக்காது என்று சொல்லும் புத்தகத்தை முதல் புத்தகமாகக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. பதினாறு வயதில் கொடுத்தால் அந்தப் பிள்ளையே புத்தகத்தோடு சண்டைக்கு நிற்கும். அந்தச் சண்டைக்காகவே அப்போது அதைப் படிக்க வேண்டும். இன்னொரு காரணமும் உண்டு. கடைசிப் பகுதியில் அலிசாவும் தம்பியும் மாட்டிக்கொள்ளும் ஒரு கட்டம் வருகிறது. அதைப் பதின்மூன்று வயதில் தனியாக உட்கார்ந்து படிக்க வேண்டாம்.

இதே மனக்குறை எனக்கு 'லார்ட் ஆஃப் தி ஃப்ளைஸ்' மேலும் உண்டு. ஆங்கில ஆசிரியர்கள் முதலில் சொல்லும் பெயர் அதுதான். 1954-இல் வந்தது, எழுதிய வில்லியம் கோல்டிங்குக்கு 1983-இல் நோபல் பரிசு. தீவில் ஒதுங்கிய பள்ளிச் சிறுவர்கள் மெல்ல மெல்லக் கொலைகாரர்கள் ஆகிறார்கள். உலகப் போரில் கப்பற்படையில் இருந்து திரும்பிய ஒரு பள்ளி ஆசிரியர் மனிதர்களைப் பற்றி அப்படி நினைத்ததில் ஆச்சரியமில்லை. ஆனால் அந்தச் சோதனை நிஜமாகவே ஒருமுறை நடந்தது. 1965-இல் டோங்கா நாட்டுப் பள்ளிப் பையன்கள் ஆறு பேர் படகில் கிளம்பி, புயலில் சிக்கி, ஆளில்லாத அட்டா தீவில் ஒதுங்கினார்கள். ஒரு வருடத்துக்கும் மேல் அங்கே இருந்தார்கள். முறை போட்டு வேலை செய்தார்கள், நெருப்பை அணையவிடாமல் காத்தார்கள், ஒருவனுக்குக் கால் உடைந்தபோது கட்டுப்போட்டுப் பார்த்துக்கொண்டார்கள். 1966-இல் ஓர் ஆஸ்திரேலியப் படகுக்காரர் கண்டபோது ஆறு பேரும் உயிரோடு, நல்லபடியாக இருந்தார்கள். கோல்டிங்கைக் கொடுப்பவர்கள் இந்தச் சம்பவத்தையும் சேர்த்துச் சொல்லிக் கொடுங்கள். மற்றபடி அந்த ஆங்கிலம் வர்ணனை மிகுந்தது, தமிழ்வழியில் படித்த பிள்ளைக்கு இரண்டாம் அத்தியாயத்திலேயே மூச்சு வாங்கும். கதையில் பெண்பிள்ளைகளே கிடையாது என்பதையும் எங்கள் வட்டத்துப் பெண்கள் பொறுத்துக்கொள்வதாக இல்லை.

இப்போது 'தி ஹங்கர் கேம்ஸ்'. பெற்றோர்கள் தயங்குவது எனக்குப் புரிகிறது. நாட்டின் பன்னிரண்டு மாவட்டங்களிலிருந்து, பன்னிரண்டிலிருந்து பதினெட்டு வயதுக்குட்பட்ட இருபத்துநான்கு பிள்ளைகளைப் பிடித்து ஒரு களத்தில் அடைத்து, ஒருவர் மிஞ்சும்வரை சண்டை போடவிட்டு, அதை நாடே டிவியில் பார்க்க வேண்டும் என்று ஓர் அரசு கட்டாயப்படுத்துகிறது. கேட்டாலே வயிறு கலங்கும். ஆனால் 27 அத்தியாயங்களில் முதல் ஒன்பது முடியும்வரை போட்டி தொடங்குவதே இல்லை. அந்த ஒன்பதிலும் பசி திரும்பத் திரும்ப வருகிறது. அவற்றைப் படித்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள் என்றுதான் பெற்றோரிடம் சொல்கிறேன்.

அங்கே ஒரு ரேஷன் முறை இருக்கிறது. போட்டிக்கு ஆள் எடுக்கும் குலுக்கலில் பன்னிரண்டு வயதில் உன் பெயர் ஒரு சீட்டு, பதின்மூன்றில் இரண்டு, இப்படி வருடா வருடம் கூடும். வீட்டில் சாப்பாட்டுக்கு வழியில்லையா? இன்னொரு சீட்டு போட்டுக்கொள், ஓர் ஆளுக்கு ஒரு வருடத்துக்கான தானியமும் எண்ணெயும் அரைகுறையாகக் கிடைக்கும். வீட்டில் உள்ள ஒவ்வொருவருக்காகவும் இப்படிப் போடலாம். போட்ட சீட்டு எதுவும் கழியாது. கதை சொல்லும் காட்னிஸ், அம்மா, தங்கை ப்ரிம் என்று மூன்று பேருக்காகப் பன்னிரண்டு வயதிலிருந்து போட்டுவருகிறாள். பதினாறு வயதில் எத்தனை சீட்டு? பிள்ளைகளைக் கரும்பலகையில் கணக்குப் போடச் சொல்வேன். வயதுக்கு ஐந்து, தானியத்துக்கு மூன்றைந்து பதினைந்து, ஆக இருபது. அவள் நண்பன் கேல் பதினெட்டு வயது, வீட்டில் ஐந்து பேர்: ஏழும் முப்பத்தைந்தும் நாற்பத்திரண்டு. மேயர் மகள் மேட்ஜுக்கு வெறும் வயதுக் கணக்குதான், ஐந்தோ ஆறோ. பதில் வந்ததும் வகுப்பு அமைதியாகிவிடும். குலுக்கல் எல்லோருக்கும் பொது, ஆனால் பசித்தவன் பெயர்தான் பெட்டியில் நிறைந்திருக்கிறது.

ரேஷன் கடை வரிசையில் பையோடு நின்ற பிள்ளைக்கு இதைவிட நெருக்கமான பக்கம் எந்த அயல்நாட்டு நாவலில் கிடைக்கும்? "நம்ம ரேஷன்ல இப்படி எதுவும் கேக்க மாட்டாங்களே சார்" என்று ஒரு மாணவி சொன்னாள். அப்படிக் கேட்காமல் அரிசி கொடுப்பது ஏன் பெரிய விஷயம் என்று அன்றைக்கு முழுக்கப் பேசினோம். பாடத்திட்டம் இந்தப் பேச்சுக்கு இடமே கொடுத்ததில்லை.

களத்துக்குள் போனபின் பதினொன்றாம் மாவட்டத்துச் சிறுமி ரூ வருகிறாள். பன்னிரண்டு வயது. அவள் ஊரில் விவசாயம்தான் தொழில். சாப்பாட்டை விளைவிக்கிறவர்கள், உங்களுக்காவது வயிறு நிறையும் என்று நினைத்தேன் என்று காட்னிஸ் சொல்ல, விளைந்ததைத் தொடவே எங்களுக்கு அனுமதி கிடையாது என்கிறாள் ரூ. எடுத்துத் தின்றால் ஊர் பார்க்கச் சாட்டையடி. அறுவடைக் காலத்தில் பள்ளிக்கூடம் கிடையாது, பிள்ளைகளும் வயலில் நிற்க வேண்டும். இந்த உரையாடல் சின்னதுதான். ஆனால் தஞ்சாவூர் ஜில்லாவின் நெற்களஞ்சியப் பெருமையைக் கேட்டே வளர்ந்தவர்களுக்கு அது எங்கே குத்துகிறது என்று சொல்லத் தேவையில்லை. கூலி நெல்லைக் கூட்டிக் கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களில் 44 பேர், 1968 டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில் குடிசையோடு எரிக்கப்பட்டார்கள். அந்த ஊர் எங்களிடமிருந்து பஸ் தூரம். ரூ சொல்வது கற்பனை நாட்டுச் சங்கதி என்று இங்கே யாரும் கடந்துபோக முடியாது.

கஜாவில் பார்த்ததோடு பொருந்தும் இடமும் இதில் இருக்கிறது. பிள்ளைகள் ஒருவரையொருவர் கொல்ல வேண்டும் என்பதற்காகவே அமைத்த களத்தில், இரண்டு பெண்கள் காயத்துக்கு மூலிகை வைத்து, கிடைத்த இறைச்சியைப் பங்கிட்டுச் சாப்பிடுகிறார்கள். பிறகு பட்டினி கிடக்கும் பதினொன்றாம் மாவட்டமே காசு சேர்த்து, கறுத்த ரேஷன் மாவில் சுட்ட ஒரு ரொட்டியைக் களத்துக்கு அனுப்புகிறது. யாருக்கு, ஏன் என்பதை நான் சொல்லக்கூடாது. அதற்கும் முன்னால் இன்னொரு ரொட்டி உண்டு: அப்பா சுரங்க வெடிப்பில் செத்தபின் மழையில் பசியோடு குப்பைத்தொட்டி தேடும் பதினொரு வயதுக் காட்னிஸுக்காக, ரொட்டிக் கடைப் பையன் பீட்டா வேண்டுமென்றே இரண்டு ரொட்டியைத் தீயவிட்டு, அம்மாவிடம் அடிவாங்கிக்கொண்டு, அவள் பக்கம் எறிகிறான். கொடுமை எங்கிருந்து வருகிறது என்பதில் இந்த நாவலுக்குக் குழப்பமே இல்லை. மனிதன் இயல்பிலேயே மிருகம் என்று அது சொல்வதில்லை. மனிதர்களை மிருகமாக்க எவ்வளவு பெரிய ஏற்பாடு தேவைப்படுகிறது, அப்போதும் அது முழுசாக நடப்பதில்லை என்று காட்டுகிறது. நான் இதை முதலில் வைப்பதற்கு இதுதான் காரணம்.

படம் பார்த்துவிட்டோம் என்பார்கள் சிலர். 2012-இல் வந்த படத்தில் பதினொன்றாம் மாவட்டத்தின் ரொட்டி இல்லை, அந்த இடத்தில் ஒரு கலவரம் இருக்கிறது. சீட்டுக் கணக்கும் வந்த தடம் தெரியாமல் போய்விடுகிறது. படம் பார்த்த பிள்ளைதான் முக்கியமாகப் புத்தகத்தைப் படிக்க வேண்டும்.

குறை இல்லாமல் இல்லை. தலைநகரத்து உடை அலங்காரம் பக்கம் பக்கமாகப் போகும். கேமராவுக்காகக் காதல் நடிக்கும் பகுதி கொஞ்சம் நீளம். மூன்றாவது புத்தகமான 'மாக்கிங்ஜே' முழுக்கப் போர், சாவு மேல் சாவு. முதல் புத்தகம் தனியாகவே முடிகிற கதைதான், ஆகவே அதோடு நிறுத்தி, மிச்சத்தைப் பிளஸ் ஒன்னுக்கு ஒத்திவைப்பது நல்லது.

வேறு சில பெயர்களும் வரும். லோயிஸ் லௌரியின் 'தி கிவர்' (1993) மெல்லிய புத்தகம், வாக்கியங்கள் எளிமை, ஆங்கிலத்தில் முதல்முறையாக நாவல் படிக்கும் ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு அருமை. வலியே இல்லாத ஊர், அதற்குக் கொடுத்த விலை என்ன என்று கதை போகிறது. உயிர்பிழைக்கும் பகுதி கடைசியில்தான். ஒரு பச்சைக்குழந்தை சம்பந்தப்பட்ட காட்சி கனமானது, பக்கத்தில் யாராவது இருந்தால் நல்லது. சூசன் பெத் ஃபெஃபரின் 'லைஃப் ஆஸ் வி நியூ இட்' (2006) டைரி வடிவம்: விண்கல் மோதி நிலா பூமிக்கு நெருங்கிவிட, கடல் பொங்கி, கரையோர நகரங்கள் போய்விடுகின்றன. ஒளித்துவைத்த சாக்லேட்டை மகள் தின்றுவிட்டதற்கு அம்மா கொதித்துப்போகும் இடம் அப்படியே கண்ணில் நிற்கும். ஆனால் அந்தக் குடும்பம் கதவைச் சாத்திக்கொண்டு தன்னை மட்டும் பார்த்துக்கொள்கிறது, தெரு என்று ஒன்று கதையில் கரைந்துபோகிறது. நாகப்பட்டினம், வேளாங்கண்ணிப் பக்கத்தில் சுனாமியில் ஆளை இழந்த வீட்டுப் பிள்ளைக்கு இதைக் கொடுக்குமுன் யோசியுங்கள்.

ஆங்கிலம் வேண்டவே வேண்டாம் என்கிற பிள்ளைக்குத் தமிழிலேயே சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' இருக்கிறது. 1980-களில் ஆனந்த விகடனில் தொடராக வந்தது. ஜீவா என்கிற சர்வாதிகாரி ஆளும் எதிர்கால இந்தியா, கணவனைத் தேடும் நிலா, எல்லோரையும் தூக்கிச் சாப்பிட்டுவிடும் ஜீனோ என்கிற இயந்திர நாய். காட்டில், களத்தில் பட்டினி கிடந்து பிழைக்கும் கதை இல்லை, ஆனால் அரசு பொய் சொன்னால் அதை எப்படி மோப்பம் பிடிப்பது என்று இவ்வளவு ஜாலியாகச் சொல்லிக்கொடுக்கும் நாவல் தமிழில் குறைவு. இதைப் படித்தபின் காட்னிஸிடம் வந்தவர்கள் திணறியதில்லை.

காட்னிஸின் ஆங்கிலம் பயப்படும்படி இல்லை. நிகழ்காலத்தில், சின்னச் சின்ன வாக்கியத்தில் அவளே பேசுகிறாள். முதல் அத்தியாயத்தை மட்டும் யாராவது பெரியவர் சத்தமாக வாசித்து, நடுநடுவே தமிழில் சொல்லிக்கொடுத்தால் போதும். குலுக்கல் மேடையில் பெயர் வாசிக்கிற இடத்தில் அத்தியாயம் முடியும். அடுத்ததைப் பிள்ளையே புரட்டிவிடும். நாலைந்து வீட்டார் சேர்ந்து ஒன்றிரண்டு பிரதி வாங்கி மாற்றி மாற்றிப் படிக்கலாம், நாங்கள் அப்படித்தான் செய்கிறோம். பெற்றோரும் அந்த முதல் ஒன்பது அத்தியாயத்தைப் படித்துவிடுங்கள். ரூ பேசும் பக்கத்துக்கு வரும்போது பிள்ளை உங்களிடம் ஏதாவது கேட்கும். தாத்தா காலத்தில் நம் ஊரில் கூலி எப்படி அளந்தார்கள் என்று கேட்டாலும் கேட்கும். தெரிந்ததைச் சொல்லுங்கள்.